மூக்கண்ணாச்சியை மோப்பம் பிடித்த பெட்டி

வெம்பக்கோட்டைப் பக்கம் எல்லாப் பட்டாசுக் கம்பெனியிலும் இடிதாங்கி உண்டு, மணல் வாளி உண்டு. என் அத்தை வேலை பார்க்கும் கம்பெனியில் மட்டும் கூடுதலாக ஒரு மூக்கு உண்டு. அத்தையைப் பார்க்கப் போன ஒருநாள் அந்த மூக்கு என் டிபன் பாக்ஸுக்கு மேலே குனிந்து, "என்னலே குழம்பு?" என்று கேட்டது. அந்த நொடியில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

அந்த மூக்கின் சொந்தக்காரர் மூக்கண்ணாச்சி, கேட்கிற ஆளே இல்லை. ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே "இன்னைக்குக் கருவாடு" என்று அறிவிக்கிற போர்மேன். முந்தின நாள் சிந்திய பட்டாசு மருந்தில் ஈரம் ஏறினால் சூடாகும், லேசாக அமோனியா வாடை வரும். அவர் அறை அறையாக முகர்ந்து தலையாட்டினால்தான் காலையில் வேலை தொடங்கும். மூக்குக்கு இடைஞ்சல் என்று மல்லிகை, சென்ட், வாசனை சோப்பு எல்லாவற்றுக்கும் தடை. "பூ வைக்கணும்னா கோயிலுக்குப் போங்க தாயி!"

மோப்பம் என்ன ஆச்சு என்று அவரைத் தனியே மடக்கினேன்.

"போன காய்ச்சலோட போச்சுலே. யார்ட்டயும் சொல்லிராத."

"உள்ள நாப்பது பேரு இருக்காக அண்ணாச்சி!"

"அப்போ நீ ஒரு மூக்கு செஞ்சு குடு. அதுவரைக்கும் வேலய நிறுத்திப்புடுதேன்."

நிறுத்தினார். மண்டை பிளக்கும் வெயிலில் நான்கு நாள், "காத்துல ஈரம் தெரியுது" என்று சாதித்தார். ஐந்தாம் நாளும் நிறுத்தினால் வேறு போர்மேன் என்றார் முதலாளி.

விருதுநகரில் நான் படிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் என் கனவு ஏற்கெனவே பாதி விளைந்திருந்தது. இரண்டு தங்க இழைகள். நடுவே ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஒரு படலம். அதன் வழியே மின்சாரம் நடந்துகொண்டிருக்கும். அமோனியா வந்து உட்கார்ந்தால், வாசலில் விருந்தாளியைக் கண்டதுபோல அது தயங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தயக்கத்தை நினைத்தபடி நான் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை, முதலாளியும் வந்து நின்றார். பொறி பறக்கும் என்பதால் பேட்டரி உள்ளே போகக் கூடாது. அந்த மின்சாரம் தயங்கினால் அலறும் என் பெட்டி, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில். அண்ணாச்சி அறைக் காற்றை ஊசிக்குழாயில் இழுத்து வந்து, பெட்டிமேல் தலை குனிந்து பீய்ச்சினார். பெட்டி அலறியது. அடுத்த அறைக் காற்று. அலறியது. மருந்தே இல்லாத அலுவலக அறைக் காற்று. அதற்கும் அலறியது!

"எல்லாரும் தூர ஓடுங்க!" என்றார், கேட்டடியில் காத்து நின்றவர்களிடம் அண்ணாச்சி, வியர்த்துப்போய்.

அத்தை மட்டும் நகரவில்லை. "ஓடுறது இருக்கட்டும் அண்ணாச்சி. காலைல தலைக்கு டை அடிச்சீகளா?"

"ஏன்?"

"கேட்டு வரைக்கும் நாறுது! எங்க பூவுக்குத் தடை போட்ட மனுசன்ட்ட எப்படிச் சொல்ல?"

தலைச்சாயத்தில் அமோனியா. நாற்பது பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. துண்டை எடுத்துத் தலையை மூடிக்கொண்டு, "எனக்குத் தெரியல தாயி. எந்த வாசமும் தெரியல. மாசக்கணக்காச்சு" என்றார்.

சிரிப்பு நின்றது. முதலாளி அத்தையைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு, "இனி ரெண்டு பேரா மோந்து பாருங்க" என்று அத்தையையும் அண்ணாச்சியோடு அனுப்பினார். போர்மேன் மாறவில்லை.

அடுத்து, அந்தப் படலத்துக்குப் பக்கத்தில் சாயத்தின் மற்ற வாடைகளுக்குத் தயங்கும் வேறு மூலக்கூறில் இன்னொரு படலம் வைத்துப் பார்க்கப்போகிறேன். இரண்டும் சேர்ந்து சொன்னால் மருந்து எது, சாயம் எது என்று பிரிக்கலாம். சோதனை முடியும்வரை டை அடிக்காமலே வருவதாக அண்ணாச்சி சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவர் அடித்துக்கொண்டே வரட்டும். பெட்டி அவரையும் தெரிந்துகொள்ளட்டும்.