நஷ்டஈடு அண்ணன் விழுந்த காலை

“...தொடாதலா! யாரும் என்னைத் தூக்கக் கூடாது. விழுந்த ஆளை விழுந்த இடத்துல விட்டாத்தான் கேஸ் நிக்கும்!”

தேக்கா சந்தைப் பக்கம் செல்வி அக்காவின் இட்லிக் கடையில், ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தபடி எங்கள் ஊர் ‘லா’ சேர்த்து இப்படி உத்தரவு போட்டவரின் சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. நஷ்டஈடு அண்ணன் என்றால்தான் தெரியும். சிங்கப்பூரில் சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் நிறைய. சட்டத்தைக் காதலித்தவர் இவர் ஒருவர்தான்.

வக்கீல் ஆபீஸ்கள் நிறைந்த கட்டடத்தில் காவல் வேலை. லிப்டில் வக்கீல்கள் பேசிக்கொண்டு போனதைக் கேட்டே சட்டம் படித்தார். அதனால் எதுவும் பாதிதான் தெரியும். “மிச்சம் என்னண்ணே?” என்றால், “பதினோராம் மாடி வந்துருச்சு, இறங்கிட்டாங்க” என்பார்.

ஒன்று மட்டும் முழுசாகக் கிடைத்தது. அன்றைக்கு லிப்ட் நடுவில் நின்றுவிட்டதாம். நஷ்டஈடு என்றால் பணமில்லை, அடிபட்டவனை அடிபடுவதற்கு முந்தின நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது!

ஒரு தடவை முடிதிருத்துபவர் அண்ணனின் மீசையை ஒரு பக்கம் ஏற்றி வெட்டிவிட்டார். காசு வேண்டாம் என்று கும்பிட்டார். அண்ணன் அசையவில்லை.

“காசு யாருக்கு வேணும்? நேத்து இருந்த மீசையை வை.”

“அண்ணே, அது உங்க மூஞ்சிலதான் வளரணும்!”

“வளரட்டும். அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியிலதான்.”

ஐந்து நாள், கடை திறந்ததும் வந்து மூடும்வரை உட்கார்ந்திருந்தார். மீசை சமமானதும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் மைனா அவர் தலையில் எச்சமிட்டது. யார் மேல் வழக்குப் போடுவது? நாள் முழுக்கச் சோகம். “எதிராளியே இல்லாத நஷ்டம்தான்லா பெரிய நஷ்டம்.”

நஷ்டஈடு என்ற பெயர் வந்ததும் செல்வி அக்கா கடையில்தான். முதல் நாளே சாம்பார் சட்டையில் சிந்த, “நஷ்டத்துக்கு ஈடு குடுங்க!” என்று எழுந்து நின்றார். இட்லிப் பானை அருகே நின்ற அக்கா திரும்பாமலே, “முதல் ஈடு தீர்ந்துருச்சுண்ணே, அடுத்த ஈடு பத்து நிமிஷம்” என்றார். சுடச்சுட நாலு இட்லி வந்தது. அண்ணன் யோசித்தார், தின்றார், வழக்கு முடிந்தது.

டாக்சி ஓட்டும் ஜெரோமுக்கும் அவருக்கும் தினம் இட்லியோடு சண்டை.

“ஆளாளுக்கு கேஸ் போட்டா நாட்டுல ஒரு கடை மிஞ்சுமாண்ணே? நஷ்டஈடு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு கட்டணும்.”

“ஏன்லா, எலும்பு வரம்பு பாத்தா ஒடியுது?”

இப்போது நிஜமாகவே ஒடிந்திருந்தது. இடது மணிக்கட்டு பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. முகத்திலோ மாப்பிள்ளைக் களை.

“செல்வி, வழுக்கும்னு மஞ்சள் போர்டு வைப்பியே, எங்க? போர்டு இருந்தா பாக்காம நடந்த என் தப்பு. இல்லைன்னா கடையோட தப்பு.”

அக்கா தரைத்துணியும் கையுமாக ஓடி வந்தார். “உள்ளதான்ணே இருக்கு. சட்னி கொட்டிச்சு, தொடச்சேன், போர்டை மறந்துட்டேன். இந்த மாசம் லீஸ் புதுப்பிக்கணும். ஒரு புகார் வந்தாலும் காலி பண்ணணும்னு கட்டட மேலாளர் போன வாரம்தான் சொன்னாரு.”

அந்த மேலாளரின் ஆபீஸ் கடைக்கு நேர் மேலே. அண்ணன் விழுந்த சத்தம் கேட்டிருக்க வேண்டும். மாடிப்படியில் ஷூ சத்தம்.

ஜெரோம் தன் கட்சியையே மறந்து போனைத் தூக்கினார். “அண்ணே, போர்டு இல்லாத தரை, ஒடிஞ்ச கை! லட்டு மாதிரி கேஸ். போட்டோ எடுக்கவா?”

“இருலா.”

யாரும் தூக்காமலே அண்ணன் எழுந்தார். ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். மஞ்சள் பலகையை மறு கையால் இழுத்து வந்து ஈரத்தின் நடுவே நிறுத்தினார். பிறகு பழைய இடத்திலேயே பார்த்துப் படுத்து, பலகை மறையாதபடி தலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, “இப்ப எடுலா” என்றார்.