கட்டையார் கப்பல் ஓட்டிய கதை

இந்த உலகத்தில் எந்தப் பொருளும் வைத்த இடத்தில் நிற்காது என்று கட்டையார் நம்பினார். சாமியை நம்பினாரோ இல்லையோ, இதை நம்பினார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் பெண்சாதிக்கே யோசித்துத்தான் சொல்ல வரும்.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்றால் லயத்து வீட்டு வாசலில் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். மற்றதெல்லாம் சரிவு. அந்தச் சரிவில் கொழுந்து லொறி ஓட்டித் தலை நரைத்தவர் அவர். லொறியை நிறுத்தியதும் இறங்கிப் பின்சில்லுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவார். கட்டை போடுவது அவர் வேலை, எடுப்பது கிளீனர் வேலை. எடுத்ததும் கிளீனர் லொறியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக் கேட்காமல் துரையே வந்து நின்றாலும் லொறி நகராது. தட்டுக் கேட்டுவிட்டால் யார் தடுத்தாலும் நிற்காது.

அந்தப் பழக்கம் லொறியோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. வீட்டில் கட்டிலுக்குக் கட்டை, அம்மிக்குக் கட்டை, தண்ணீர்ப் பீப்பாவுக்குக் கட்டை. மகள் கல்யாணத்தில் மணவறைக்கே கட்டை வைத்தார். ஐயர் குனிந்து பார்த்து, "இது எதுக்குங்க?" என்றார்.

"மாப்பிள்ள வீட்டாளுங்க கொஞ்சம் கனத்த ஆளுங்க சாமி."

பெண்சாதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலின் நான்கு சில்லுக்கும் கல் வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் எக்ஸ்ரே படம் எடுக்கக் கொண்டுபோகத் தள்ளினார்கள். கட்டில் அசையவில்லை, மெத்தை மட்டும் நோயாளியோடு அரை முழம் முன்னால் போனது. தாதி நோனா சிங்களத்தில் வெளுத்து வாங்கினார். கட்டையார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "நோனா, சில்லு வச்சதெல்லாம் ஓடத்தான் பாக்கும்."

இறம்பொடையில் நடந்ததுதான் பெரிய கூத்து. நாங்கள் போன பஸ் தேத்தண்ணி குடிக்க நின்றது. திரும்பப் புறப்படும்போது பஸ் உறுமுகிறது, நகரவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கடைசியில் பின்சில்லுக்கு அடியில் அம்மிக்குழவி போல ஒரு கல்லைக் கண்டுபிடித்தார்கள்.

"யாருய்யா கல்லு வச்சது?" என்று கண்டக்டர் கத்தினார்.

கட்டையார் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி வாயில் வடையோடு சொன்னார்: "நாந்தான். எடுக்கிறது என் வேலை இல்லீங்க."

இப்படி இருந்த மனிதரின் லொறியை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். கொழுந்து ஏற்ற டிரக்டர் வந்துவிட்டது. தேயிலை பக்டரிக்குப் பின்னால் லொறியைத் தள்ளி, சில்லுகளைக் கழற்றி, செங்கல் மேல் ஏற்றி வைத்தார்கள். கட்டையார் தினமும் காலையில் போய் அதற்குக் கட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். சில்லே இல்லாத லொறிக்குக் கட்டை. தோட்டமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மனுசன் சோத்துல கை வச்சிட்டு அப்படியே உக்காந்திருக்காரு அக்கா," என்று அவர் பெண்சாதி என்னிடம் வந்து அழுதது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி கப்பல் வாங்கினார். டவுனில் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி, கட்டையாரின் லொறியை வாடகைக்கு அமர்த்திப் பழகியவர். உல்லாசப் பயணிகளை ஏற்றி எங்கள் மலைக்குக் கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தில் சுற்றிக் காட்ட, கடற்கரையோரத்திலிருந்து ஒரு மாடிப் படகைக் கொண்டுவந்தார். நாங்கள் படகு என்றால் அவருக்குக் கோபம் வரும். "கப்பல் சொல்லுங்க," என்பார். பக்கவாட்டில் மூன்று பாஷையிலும் குரூஸ் கப்பல் என்று எழுதியிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு கொழுந்துக்குப் போனவள். எழுத்துக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கப்பலுக்கு இரண்டாம் பூச்சு அடித்துவிட்டார்கள்.

முதலாளி கட்டையாரைக் கூப்பிட்டார். "நீங்க ஓட்டுங்க. தண்ணியில மேடு இல்ல, பள்ளம் இல்ல. என்ன பயம்?"

"அதுதான் பயம் முதலாளி. கட்டைய எங்க வைக்கிறது?"

ஆனாலும் கடற்கரையோரம் போய் ஓட்டிப் பழகி வந்தார். வந்த அன்று அவர் வீட்டில் இரண்டு தடவை சோறு வடித்தார்கள். முதலாளி மட்டும் எல்லார் முன்னாலும் ஒன்று சொல்லி வைத்தார்: "மொத நாள் ஒழுங்கா போய் வந்தா வேல ஒங்களுக்கு. இல்லாட்டி கரையோரத்து ஆள் வருவான்."

எனக்கும் அந்தக் கப்பலில் ஒரு காரியம் இருந்தது. என் தங்கச்சி அக்கரைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவள் லயத்து அடுப்புப் புகை என் வாசலில் நின்றால் தெரியும். ஆனால் ரோட்டு வழியே போக பஸ் மாறி பஸ் ஏறி அரை நாள் ஆகும். முழங்கால் போனபிறகு நான் புகையைப் பார்ப்பதோடு சரி. காலையில் முதல் ஓட்டமும் மாலையில் கடைசி ஓட்டமும் தோட்டத்து ஆட்களுக்கு என்று முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். அதனால் முதல் நாளே தங்கச்சிக்கு என்று சீனிச் சம்பலை ஒரு டின்னில் அடைத்துக்கொண்டு, விசேஷச் சேலை கட்டிக்கொண்டு, முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பிக்கு ஓதிய பிரித் நூல் கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள், மேளக்காரரையும் ஏற்றினார்கள். லொறிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வைக்கக் கட்டையார் சில்லைத் தேடினார். இல்லாததால் தண்ணீரில் போட்டார். பழங்கள் எங்களுக்கு முன்னால் அக்கரைக்குப் புறப்பட்டன.

கப்பலைத் துறையோடு கட்டியிருந்த கயிறுகளை வேலையாட்கள் அவிழ்த்தார்கள். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யமு, யமு! போவோம்!" என்று சொல்லிக் கப்பலுக்குள் நின்றபடி அதன் விலாவில் ஓங்கித் தட்டினார். சரியாக இரண்டு தட்டு.

கட்டையார் நிமிர்ந்தார். இஞ்சினை முறுக்கினார்.

கப்பல் ஒரு லொறி நீளத்துக்கு அழகாகப் போனது. பிறகு யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல நின்றது. பின்புறம் நின்றுவிட, முன்புறம் மட்டும் பெரிய வீட்டுப் பெண் முகம் திருப்புவதுபோல மெதுவாகத் திரும்பி, புறப்பட்ட துறையிலேயே போய் இடித்தது. பலகைகள் படபடவென்று முறிந்தன. மேளக்காரர் மேளத்தோடு என் மடியில் விழுந்தார். நான் சம்பல் டின்னை விடவில்லை. இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது. மலைக்காற்று எங்களைத் துறையிலிருந்து பிரித்து நடுத்தண்ணீர்ப் பக்கம் தள்ளத் தொடங்கியது. முதலாளி இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்தார். கப்பல் வாங்கிய மனிதருக்கு நீந்தத் தெரியாது என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஆனால் கப்பல் போகவில்லை. பின்னால் தண்ணீருக்குள்ளிருந்து கை மொத்தத்தில் ஒரு கயிறு விறைத்துக்கொண்டு எழுந்தது. கோயில் தேரின் பழைய வடம். கரையில் நின்றவர்கள் அதைப் பிடித்துத் தேர் இழுப்பதுபோல எங்களை இழுத்துச் சேர்த்தார்கள். ஒருவருக்கும் கீறல் இல்லை.

இறங்கியதும் முதலாளிக்குக் குரல் திரும்பியது. "மே லணுவ காகேத? யார் கட்டினது இந்தக் கயிறு?"

"நாந்தான் முதலாளி. நேத்து கட்டுனேன். தண்ணியில கட்ட வைக்க முடியல. அதான்." கட்டையார் தலை நிமிரவில்லை. முதலாளி கரையோரத்து ஆளைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டார்.

கட்டையார் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தேன். மலைமேல், பக்டரிப் பக்கம். செங்கல் மேல் நிற்கும் அந்த லொறியின் பக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மலையில் கொழுந்தில் என்னை முந்திய ஆள் கிடையாது, கங்காணியையே எதிர்த்துப் பேசியவள் நான். முதலாளி எம்மாத்திரம்?

"கயிறு கட்டுனது அவரு. சரி. தட்டுனது யாருங்க?" என்றேன்.

"தட்டினதா?"

"கட்டைய எடுத்த ஆளுதான் ரெண்டு தட்டுத் தட்டணும். தட்டுனா அவரு வண்டிய எடுப்பாரு. நீங்க எதை எடுத்துட்டுத் தட்டுனீங்க?"

கூட்டம் முழுக்க முதலாளியின் கையைப் பார்த்தது. முதலாளியும் பார்த்தார்.

"அந்தக் கயிறு இல்லாட்டி நீங்க இப்ப எங்க மிதந்துகிட்டு இருப்பீங்கன்னு அந்த எலுமிச்சம்பழத்தைக் கேளுங்க," என்றேன்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். பழங்கள் நடுத்தண்ணீரில் மஞ்சள் புள்ளியாக இருந்தன. போனைச் சட்டைப்பையில் போட்டார். "சரி, கட்டை போட இவர் இருக்கார். எடுக்க யாரு?" என்றார்.

"நான்," என்றேன். "முழங்கால்தான் போச்சு. வெரல் போகல."

"பாத்துக்க அக்கா," என்றார் கட்டையார். "முடிச்சு கொஞ்சம் கெட்டி."

"நீ போட்ட முடிச்ச விட நான் கிள்ளுன கொழுந்து கெட்டி. பேசாம இரு தம்பி."

துறையைச் சரிசெய்து, கப்பலைப் பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகு மறுபடி புறப்பட்டோம். நான் பின்பக்கம் குனிந்து வடத்தை அவிழ்த்தேன். விலாவில் இரண்டு தட்டுத் தட்டினேன். கப்பல் எண்ணெயில் வழுக்கியதுபோல நழுவிப் போனது. அக்கரையில் தங்கச்சி நின்றாள். "போன வாரமே சேல கட்டிக்கிட்டு நின்னேன், இவ்வளவு நேரமா வர்றதுக்கு?" என்று திட்டிக்கொண்டே டின்னைத் திறந்தாள்.

இப்போதும் வாரம் தவறாமல் தங்கச்சியைப் பார்க்கப் போகிறேன். தினமும் கட்டையார் கட்டுவார், நான் அவிழ்ப்பேன், நான் தட்டாமல் அவர் நகர்த்துவதில்லை. முதலாளி கப்பலில் ஏறினால் இரண்டு கையையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

போன மழைக்கு எனக்கு முழங்கால் வீங்கி, இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழும்போது அது பின்னால் நழுவி நான் சரிந்துவிட்டேன். கட்டையார் பார்க்க வந்தார், தேத்தண்ணி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், போனார். பிறகு வாசல் கூட்டும்போதுதான் கண்டேன். என் நாற்காலியின் பின்கால்களுக்கு அடியில், இழைத்து வழவழப்பாக்கிய இரண்டு கட்டை.

எடுப்பது என் வேலை, ஊருக்கே தெரியும். அதை மட்டும் நான் எடுக்கவில்லை.