தோசைக்கல்லில் தேறிய கார்டு

"மறுபடியும் நின்னுடுச்சு!" என்று முனிவேல் போட்ட கூச்சலில், சமையலறையிலிருந்த அவர் மனைவி சரோஜம்மாளின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

"என்னாங்க நின்னுச்சு? நீங்க கத்தற கத்துல என் நெஞ்சு நின்னுருக்கும்."

"சர்வர்டி, சர்வர்! அந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சா இந்தக் கம்ப்யூட்டர்ல ஏறணும். ஒரு மணி நேரம் ஒழுங்கா ஏறுச்சு. இப்ப அசைய மாட்டேங்குது."

தொண்ணூற்றேழாம் வருஷத்து ஏப்ரல் மாதம். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடு. அந்த ஊரிலேயே வீட்டில் சர்வர் வைத்துக்கொண்ட ஒரே மனிதர் முனிவேல். ஓசூர்க் கம்பெனி ஒன்றில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் ஃபர்னஸ் செக்‌ஷனில் பதினாறு வருஷமாக வெந்துகொண்டிருந்தார். போதுமடா சாமி என்று, சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து, இரண்டு பழைய மெஷின்களை வாங்கிப் போட்டு, மேனேஜர் நாராயணப்பன் முன்னால் போய் நின்றார்.

"வீட்டுல ரெண்டு மெஷின் வாங்கிப் போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் வேலைக்கு மாத்திடுங்க சார்."

"ரெண்டு மெஷினையும் வீட்டுல இணைச்சு வை. ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு வர்றேன். என் கண் முன்னால ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடணும். ஓடுனா மாத்தறேன்" என்றார் மேனேஜர்.

கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் ஏசி உண்டு. அதன் கதவு திறக்கும்போது வருகிற குளிர்காற்றுக்காகவே முனிவேல் அந்த வழியாகச் சுற்றி டீ குடிக்கப் போவார். இனி ஆயுசு முழுக்க அந்தக் கதவுக்கு உள்பக்கம் உட்கார வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

இன்று சனிக்கிழமை. இரண்டு மெஷின்களையும் பேசவைக்க வேண்டிய நெட்வொர்க் கார்டோ, கொஞ்சம் சூடேறினதும் மயங்கி விழுகிறது.

அடுத்த பஸ்ஸில் ஓசூருக்குப் போனார். பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் சாமான் வாங்கி வந்து விற்கும் நசருல்லாவின் கடையில் போய், முன்பு அவனிடம் வாங்கின இரண்டு கார்டையும் மேஜைமேல் போட்டார்.

"நசரு, என்னாப்பா இது? ஒரு மணி நேரத்துல படுத்துக்குது!"

"அண்ணா, அன்னிக்கே சொன்னேனா இல்லியா? மலிவா குடுன்னீங்க, குடுத்தேன். நம்பிக்கையா வேணும்னா இதா, கம்பெனி சரக்கு. ஆனா இது ஒண்ணு வாங்கற காசுக்கு அது அஞ்சு வாங்கலாம்."

முனிவேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றை வாங்கினார். சர்வருக்கு மட்டும் நல்லதாகப் போட்டால் போதும் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்கு வந்து மெஷினைத் திறந்தால், புதுக் கார்டு உட்காரவில்லை. அது புது மாதிரி மெஷினுக்கு ஆனது. இவருடைய பழைய மெஷினில் கார்டைச் செருகும் காடி வேறு அளவு. இன்னொருவராக இருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். முனிவேல் பதினாறு வருஷம் தொழிற்சாலையில் இருந்தவர். எது எதில் பொருந்தாவிட்டாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அரத்தை எடுத்து ராவினார்.

கார்டு உள்ளே போனது. புகை வெளியே வந்தது.

"ஐயோ!" என்று அலறி பிளக்கைப் பிடுங்கினார். நல்லவேளை, மெஷின் பிழைத்துக்கொண்டது.

மறுபடியும் பஸ். நசருல்லா ராவின கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அல்லாவே! இதப் போயி அரம் போட்டீங்களாண்ணா?"

"ரெண்டு நூல் அளவுதான்பா ராவினேன்."

"இத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பறது?" என்றவன், முனிவேலின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, மலிவுக் கார்டு இன்னும் மூன்றை எடுத்து நீட்டினான். "சும்மா எடுத்துட்டுப் போங்க. இதுல எது நிக்கும், எது நிக்காதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது."

இப்போது கையில் ஐந்து கார்டு. வேண்டியது மெஷினுக்கு ஒன்றாக இரண்டு. எந்த இரண்டு? ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க நேரமில்லை. சூடுதான் பிரச்சினை என்றால் சூட்டை வைத்தே பார்த்துவிடலாம் என்று ஃபர்னஸ் மூளை வேலை செய்தது. நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார்.

சரோஜம்மாள் மாவுப் பாத்திரத்தோடு வந்தபோது, தோசைக்கல்லில் ஐந்து கார்டுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. முனிவேல் கையில் கடிகாரத்தோடு நின்றார்.

"அடப் பாவி மனுசா! அது எங்கம்மா குடுத்த கல்லு!"

"இரு, இன்னும் நாலு நிமிசம்."

"திருப்பி வேற போடணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று கார்டுகள் செத்தன. இரண்டு தேறின. அந்த இரண்டையும் மாட்டினார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை சர்வர் மூச்சுவிடாமல் ஓடியது. ஆனால் அன்று சுட்ட தோசையை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜரின் ஜீப் வந்தது. அவர் உள்ளே வந்து உட்கார்ந்ததும், மோர் கொடுக்கலாம் என்று சரோஜம்மாள் மிக்ஸியைப் போட்டாள். ஃபியூஸ் போனது. முனிவேல் ஓடிப்போய் ஃபியூஸைக் கட்டினார். மறுபடியும் போகக் கூடாதே என்ற பயத்தில், கம்ப்யூட்டரைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தினார். மின்விசிறி உட்பட.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மேனேஜரின் சட்டை கால் மணி நேரத்தில் உடம்போடு ஒட்டியது. மனுஷன் பாதியில் எழுந்து போய்விட்டால் எல்லாம் போச்சு.

சரோஜம்மாள் விசிறியோடு ஓடிவந்தாள்.

"வேணாம்மா, விசிறாதீங்க" என்றார் மேனேஜர். "இந்த வீடு எப்பவும் இவ்ளோ சூடா?"

"மதியத்துக்கு மேல இன்னும் சூடுங்க சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டு முனிவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்டியா! பலே, பலே!"

இரண்டு மணி நேரமும் சர்வர் நிற்கவில்லை. மேனேஜர் மெஷினைத் திறக்கச் சொல்லி, கார்டைத் தொட்டுப் பார்த்து, கையை உதறினார்.

"கையே வெக்க முடியலியே! இவ்ளோ சூட்டத் தாங்கற கார்ட எப்படிய்யா தேடிப் புடிச்சே?"

முனிவேல் பொய் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சரோஜம்மாள் முந்திக்கொண்டாள். "தோசைக்கல்லுல போட்டு வாட்டுனாருங்க!"

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போச்சு என்று முனிவேல் கண்ணை மூடினார்.

"உன்ன மாதிரி ஆளத்தான்யா தேடிட்டு இருந்தேன்!" என்று மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைலருந்து நீ கம்ப்யூட்டர் ஆளு."

மேனேஜர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தும் முனிவேலுக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. டிரைவர் சென்னகிருஷ்ணன் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தான். சரோஜம்மாள் சொம்பு நிறைய மோரே கொடுத்தாள்.

"இனிமே எங்க வீட்டுக்காரரு ஏசி ரூம்லதாம்பா!" என்றாள்.

சென்னகிருஷ்ணன் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். "ஏசி ரூமாக்கா? புது சர்வர ஃபர்னஸுக்குப் பக்கத்துலதான் வெக்கப் போறாங்க, கம்ப்யூட்டர் படிச்சவங்க ஒருத்தரும் அந்தச் சூட்டுல உக்கார மாட்டேன்னுட்டாங்கன்னுதானே சார் ஒரு மாசமா ஆள் தேடிட்டு இருந்தாரு!"