மழை நேரத்தில் தொட்டியைத் திறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய சம்பந்தி ஹொரியுச்சி அவர்களுக்கு, உமேதானி ஷோசோ தலை தாழ்த்தி எழுதுவது.

கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித் தொடங்க வேண்டும் அல்லவா? மாதிரிக் கடிதப் புத்தகத்தைப் பார்த்து, "கருணை மழை இல்லந்தோறும் நிறைந்து பொங்கும் இந்த ஜூன் மாதத்தில்" என்று அழகாகத்தான் எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த என் மனைவி சுமியே, "பொங்கினதைத்தான் அவரே நேர்ல பார்த்தாரே, எழுதி வேற காட்டணுமா?" என்றாள். தாளைக் கிழித்துவிட்டேன். பருவம் கிடக்கட்டும். தாங்கள் நலம்தானே?

இத்துடன் தங்கள் கால்சட்டை வருகிறது. சுமியே மூன்று தடவை துவைத்தாள். நாலாவது தடவை நான் துவைத்தேன், மனசாட்சிக்காக. என்னுடையதைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் தெரிய, நாகானோ வரைக்கும் ரயிலில் போனீர்களே, அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு ஊர் பாதிக் காரணம், மழை பாதிக் காரணம் என்று உங்களிடம் சொன்னேன். மூன்றாவது பாதி ஒன்று இருக்கிறது, அது நான். எங்கள் சந்தில் பதினோரு வீடு, ஏப்ரலிலிருந்து நான்தான் பொறுப்பாளர், இந்தப் பெருமையை நீங்க வந்து உக்காந்த அஞ்சாவது நிமிஷமே சொல்லிட்டேன். பொறுப்பாளருக்கு இருக்கிறது ஒரே வேலைதான்: வார்டு அலுவலகத்திலிருந்து வர்ற அறிவிப்பு அட்டையைப் படிச்சு, முத்திரை குத்தி, அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். அட்டை வியாழக்கிழமை வந்துச்சு. நான் அதுமேல பேஸ்பால் பக்கத்தை வெச்சேன். அதுக்கு மேல வெள்ளிக்கிழமை பேப்பர், அதுக்கு மேல சனிக்கிழமை பேப்பர். ஞாயிறு மத்தியானம், ஒரு மாச மழை ஒன்றரை மணி நேரத்துல கொட்டிக்கிட்டிருக்கு, நீங்க கழிப்பறைக்குப் போனீங்க, நான் வெளிய பேப்பர் மடிச்சுக்கிட்டிருக்கேன், உள்ளேயிருந்து உங்க குரல்:

"உமேதானி சான், இங்க யாரோ பேசுறாங்க!"

"யாரு?"

"கீழேயிருந்து! கொபோ கொபோன்னு!"

"எந்திரிச்சு வெளிய வந்துடுங்க சம்பந்தி!"

"இப்ப முடியாது!"

முப்பத்திநாலு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். பிரேக் பிடிக்காதப்பகூட இவ்வளவு பதறினதில்ல. அப்பதான் அந்த அட்டை கையில தட்டுப்பட்டுச்சு. சத்தமாப் படிச்சேன்: "பலத்த மழையின்போது குளியல் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம். குப்பைப் பையை இரண்டாக மடித்து, தண்ணீர் நிரப்பி, கழிப்பறைக் குழியில் வைக்கவும்." நீங்க உள்ளேயிருந்து, "நான் உக்காந்திருக்கேன், எங்க வைக்கிறது?"ன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. அட்டையில அதுக்குப் பதில் இல்ல.

நீங்க வெளிய வந்த கோலத்தை எழுத மாட்டேன். குளியலறைத் தரையிலயும் ஏறிடுச்சு. சுமியே பையைப் போட்டு அழுத்தி அதுமேலயே உக்காந்துட்டா. நான் குடையில்லாம சந்துல ஓடினேன். மேட்டு வீட்டு இக்கேபே அம்மா அப்பதான் தொட்டியைத் திறந்துவிட்டிருக்காங்க. அவங்க வீட்டுல ஆறு பேரு குளிச்ச தண்ணிதான் நம்ம வீட்டைத் தேடி வந்திருக்கு. கதவைத் தட்டி அட்டையை நீட்டினேன். தேதியைப் பார்த்துட்டு, "பொறுப்பாளரே, மழைகூட சொன்ன நேரத்துக்கு வந்துடுச்சு, உங்க அட்டை மூணு நாள் லேட்டு"ன்னாங்க. ஆனா சொல்லிக்கிட்டே ஓடிப்போய் தொட்டியை அடைச்சாங்க. அப்புறம் துடைக்கிற துணியோட நம்ம வீட்டுக்கு முதல்ல வந்ததும் அவங்கதான்.

திங்கட்கிழமை வார்டு அலுவலகத்திலிருந்து தோக்குநாகான்னு ஒருத்தர் வந்தார். சக்கரம் வெச்ச கேமராவைக் குழாய்க்குள்ள விட்டு எங்களுக்கும் காட்டினார். உள்ள ஒரே விரிசல், வேர் தாடி மாதிரி தொங்குது. மழைத் தண்ணியும் கழிவும் ஒரே குழாய்லதான் போகணுமாம். "இது நான் பொறக்கிறதுக்கு முன்னாடி போட்டது. அப்ப இந்த மாதிரி மழையே கிடையாது. என்னைவிட நிறைய உழைச்சிருச்சு பாவம்"னு சொல்லி, எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக் குனிஞ்சார். ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு வந்தவர் மாதிரி கண்ணு செவந்திருந்துச்சு. அட்டை விஷயத்தை அவர்கிட்டயும் ஒத்துக்கிட்டேன். சிரிக்கல அவர். அதுவே பெரிசு. பழைய குழாய்க்குள்ள புதுச் சுவர் மாதிரி உறை போட்டு, நம்ம வீட்டு வாசல்ல தண்ணி திரும்பி ஏறாதபடி ஒரு மூடியும் வெக்கிறாங்க. ஜூலை பத்துக்குள்ள முடிச்சுடுவாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன் சம்பந்தி. கிளம்பறப்ப ஷூ மாட்டிக்கிட்டே, "சிஹாருவோட பிரசவத்தை எங்க பக்கமே வெச்சுக்கலாமே"ன்னு சொன்னீங்க. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன். அன்பாச் சொல்லிட்டீங்க. உங்களுக்கு அவ மருமக, உங்க கவலை நியாயம். ஆனா எங்க பொண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆகஸ்டு கடைசியில குழந்தை, ஜூலை நடுவுல அவ இங்க வர்றதா முதல்லேர்ந்து பேச்சு. மாடி அறைக்குப் புது தத்தாமிப் பாய் போட்டாச்சு. பதினோரு வீட்டுலயும் மழை பெய்ஞ்சா தொட்டியைத் திறக்கிறதில்லன்னு முத்திரை குத்தி வாங்கிட்டேன். இக்கேபே அம்மா வானத்தைப் பார்த்துக்கிறாங்க, கறுத்தா விசில் ஊதுவாங்க. அதனால அவகிட்ட வர வேண்டாம்னு மட்டும் தயவுசெய்து சொல்லிடாதீங்க.

தங்கள் துணைவியாருக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் வணக்கம். தங்கள் மலைக்காற்று தங்கள் எல்லோரையும் திடமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உமேதானி ஷோசோ

பின்குறிப்பு: பார்சலைக் கட்டும்போது தோக்குநாகா வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஆற்றோரப் பகுதியில் நாற்பது வீட்டுக்குள்ளும் ஒரு முதியோர் இல்லத்துக்குள்ளும் கழிவு ஏறிவிட்டதாம். ஆட்களை அங்கே அனுப்புகிறார்கள். எங்கள் சந்து வேலை அக்டோபருக்குத் தள்ளிப்போய்விட்டது. "அவங்களுக்கு முதல்ல பண்ணுங்க, அதுதான் சரி" என்று சொல்லி டீ கொடுத்தேன். உண்மையாகத்தான் சொன்னேன். ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். சிஹாரு உங்களிடமே இருக்கட்டும். சுமியேவை நான் அங்கே அனுப்புகிறேன்.

சிஹாருவே இப்போது போன் செய்தாள். "அப்பா, நான் வரட்டா வேணாமா?" என்றாள். "அங்க ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, மாமியார் நல்லாப் பார்த்துப்பாங்க, இங்க எதுக்கு இந்த நாத்தத்துல?" என்றேன். "நிஜமாவா சொல்றீங்க?" என்றாள். "நிஜமாத்தான்" என்றேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உங்களிடம் மட்டும் எழுதுகிறேன் சம்பந்தி: "எப்படி இருந்தாலும் வந்துடும்மா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.