குருமாவில் எங்கேயோ இடிக்கிறது

உப்புப் போட்டோமா, இல்லையா? லிஃப்ட் மெக்கானிக்குக்கு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடுப்பில் காய்கறிக் குருமா கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார். வெந்நீர் மாதிரி இருந்தது. மூன்று நாளாக ஜலதோஷம். உப்பும் காரமும் அவர் நாக்குக்கு ஒன்றுதான்.

மணி பன்னிரண்டு. ஒரு மணிக்கு மனைவி அலுவலகத்திலிருந்து வந்துவிடுவாள். அவளுக்கு வெளியூரில் பதவி உயர்வு வந்திருந்தது. இன்றைக்குள் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

"நீ போ, வீட்டை நான் பார்த்துக்கறேன்" என்று இவர் மார்தட்டியிருந்தார்.

"முதல்ல ஒரு குருமா வெச்சுக் காட்டுங்க. அப்புறம் போறேன்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில் மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மூத்த மகன் வீட்டிலிருந்து நேற்று மாலைதான் வந்து இறங்கியிருந்தார்.

"மாமா, உப்பு இருக்கான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

மாமனார் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். ஒரு கரண்டி குருமாவைக் கிண்ணத்தில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"எங்கேயோ இடிக்குது, மாப்பிள்ளை."

"உப்பா?"

"உப்புதான். ஒரு சிட்டிகை போடுங்க."

போட்டார். மறுபடி ஒரு கரண்டி.

"இப்ப தூக்கலா இருக்கே!"

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றால்கூடப் பதறாத மனிதர் அவர். இரண்டு உருளைக்கிழங்கை வேகவைத்துப் போட்டார்.

"உப்பு அடங்கிருச்சு. ஆனா சப்புன்னு ஆயிருச்சு" என்றார் மாமனார். "மிளகாய்த்தூள் இருக்கா?"

அவசரத்தில் டப்பா சாய்ந்து இரண்டு ஸ்பூன் விழுந்துவிட்டது. மாமனார் ருசி பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. தும்மினார். ஆனாலும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"தேங்காய்ப்பால் ஊத்துங்க, சரியாயிடும்."

ஊற்றினார். நேரமாகிறதே என்று அடுப்பையும் கூட்டி வைத்தார். தேங்காய்ப்பால் திரிந்து, குருமா திட்டுத் திட்டாக மிதந்தது.

"ஐயோ, மாமா!"

"பதறாதீங்க. முந்திரியை அரைச்சு விட்டா எல்லாம் சேர்ந்துக்கும்."

மிக்ஸியின் மூடி சரியாகப் பொருந்தாமல் பாதி முந்திரி சுவருக்குப் போனது. மீதி குருமாவுக்கு வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"வெறும் நாக்குல பிடிபடலை. ரெண்டு துண்டு ரொட்டி குடுங்க, சொல்றேன்."

ரொட்டியோடும் பிடிபடவில்லை. இன்னும் இரண்டு துண்டு கேட்டார். பிறகு, கேரட் வெந்திருக்கிறதா என்று தனியாக ஒரு தடவை, பீன்ஸுக்குத் தனியாக ஒரு தடவை.

மணி ஒன்றாக ஐந்து நிமிடம். மெக்கானிக் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். குருமா அடியில் கிடந்தது.

"இவ்வளவு சுண்டிப்போச்சே, மாமா!"

"தீ ஜாஸ்தி" என்றார் மாமனார். "இப்பதான் பதம் சரியா வந்திருக்கு. எனக்குச் சாப்பாடு வேண்டாம், மாப்பிள்ளை. ருசி பார்த்த அசதி. கொஞ்சம் படுக்கறேன்."

அவர் அறைக்கதவைச் சாத்தவும் வாசலில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே சமையலறைக்கு வந்தாள். சுவரைப் பார்த்தாள். ஸ்பூனால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க… நிஜமாவே நல்லாருக்குங்க!"

"நிஜமாவா?"

"வீட்டைப் பார்த்துக்குவீங்க. அப்பாவையும் பார்த்துக்குவீங்க. நான் போறேன்னே சொல்லிடறேன்" என்று கைப்பேசியை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. "அட, அண்ணி!" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்மா," என்றாள் அண்ணி. "மாமாவுக்கு எண்ணெய், தேங்காய், முந்திரி எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லி, ரெண்டு மாசமா இங்க வெறும் கஞ்சிதான். 'எங்கேயோ இடிக்குது'ன்னு ருசி பார்க்க வருவாரு, கரண்டியை மட்டும் காட்டிடாதீங்க!"