என் மேல் படாத தக்காளி

மதிப்புக்குரிய மைத்துனருக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் உடலளவில் சௌக்கியம். மனதளவில் அவள் மட்டும் சௌக்கியம். உங்கள் வீட்டு மாடி இன்னும் காலியாக இருந்தால் யாருக்கும் வாடகைக்கு விட வேண்டாம். நாங்கள் இந்த ஊரைவிட்டே வருகிறோம். காரணத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

இந்த ஊரில் வருஷத்தில் ஒரு நாள், உச்சிவேளையில் ஆலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் தெருவில் இறங்கி, கனிந்த தக்காளியால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். மறுபடி சங்கு ஊதினால் நிறுத்திவிட்டுத் தெருவைக் கழுவுகிறார்கள். இதற்கு முறையெல்லாம் உண்டு. பழத்தைக் கையில் நசுக்கிக்கொள்ள வேண்டும். அடிபடப் போகிறவரைக் கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகுதான் எறிய வேண்டும். தெரியாத ஆளை அடிக்கக் கூடாது. ஒரே வீட்டார் அடித்துக்கொள்ளக் கூடாது. அதற்குத்தான் மீதி வருஷம் இருக்கிறது.

நாங்கள் குடிவந்த பிறகு இதுதான் முதல் விழா. காப்பீட்டு நிறுவனத்தில் ஊரார் சேதத்தை மதிப்பிட்டே தலை நரைத்தவன் நான். முன்னெச்சரிக்கையாக ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் விரிப்பு கட்டினேன். கணுக்கால் வரை மழைக்கோட்டு, தலைக்கு அதன் முக்காடு, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, வாய்க்குத் துண்டு. உங்கள் தங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தெருவுக்குப் போறீங்களா, கடலுக்கு அடியில போறீங்களா? கழட்டுங்க அதை.”

“யார் வம்புக்கும் போகாதவன் நான். ரெண்டு பழம் பட்டாலே அதிகம். ஆனா ரெண்டு பழமும் சேதம்தானே?” என்றேன்.

சங்கு ஊதியது. அப்புறம் நடந்ததை எப்படி எழுத? காற்றே சிவந்துவிட்டது. முக்காட்டுக்குள் சத்தமெல்லாம் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. பழங்கள் அவசரமில்லாமல், வெயிலை உள்ளே வைத்துக்கொண்டு மிதந்து போயின. ஒவ்வொன்றும் போகுமிடம் தெரிந்தே போனது. “டாக்டர், நல்ல பல்லைப் பிடுங்கிட்டீங்களே!” என்றது ஒரு குரல். பல் மருத்துவர் திரும்பி, முத்தத்துக்குக் காட்டுவதுபோல் கன்னத்தைக் காட்டினார். “பெரியம்மா, என் கல்யாணத்துக்கு ஏன் வரல?” என்று ஒன்று பறந்தது, “கூப்பிட்டாத்தானேடா வருவேன்!” என்று ஒன்று திரும்பி வந்தது. உங்கள் தங்கையை எத்தனை பேர் கூப்பிட்டார்கள் தெரியுமா? அக்கா, சித்தி, ஏ வாயாடி! தலைமுதல் கால்வரை சிவப்பாகி, கல்யாணப் பெண்போல் நின்றாள்.

என்னைக் கூப்பிட ஆளில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு நடையைக் குறைத்தேன். பிறகு நின்றேன். பிறகு பல் மருத்துவரின் பக்கத்திலேயே போய் நின்றேன். பழங்கள் என்னைச் சுற்றி வளைந்து போயின. அவர்மேல் விழுந்த பழத்தின் சாறு ஒரு சொட்டு என் கோட்டில் தெறித்தது. எறிந்தவரே ஓடி வந்து அதைத் துடைத்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க சார்” என்றார். சார்! அத்தனை சிவப்புக்கு நடுவில், வேறு யாரோ காணும் கனவுக்குள் வழி தவறி வந்தவன்போல் நின்றேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் யாருக்கு என்ன குறை வைத்தேன்? ரொட்டிக்கடை அம்மாவிடம் வாங்கும் ரொட்டியை வீட்டுத் தராசில் நிறுத்து, எடை எவ்வளவு குறைகிறதென்று தினமும் போய் மரியாதையாகச் சொல்கிறேன். முடிதிருத்துபவருக்கு, இரண்டு காதோரமும் சமமாக இல்லை என்பதை அளவுகோல் வைத்தே காட்டியிருக்கிறேன். எல்லாம் அவர்கள் நன்மைக்குத்தான். இவ்வளவு ஒட்டி உறவாடியவனுக்கு ஒரு பழம்கூடவா மிச்சமில்லை?

கடைசியில் ஒரு சந்துக்குள் ஒதுங்கி, கீழே கிடந்த பழம் ஒன்றை எடுத்து என் தோளில் நானே தேய்த்துக்கொண்டு வீடு திரும்பினேன். உங்கள் தங்கை விளக்கடியில் நிறுத்திப் பார்த்தாள்.

“எறிஞ்ச பழம் தெறிக்கும். தேய்ச்ச பழம்தான் இப்படி ஈஷிக்கும். பொய்ச் சேதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

பணிக்காலத்தில் நான் தள்ளுபடி செய்த மனுக்காரர்கள் அத்தனை பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பதுபோல் இருந்தது.

ஆகவே மாடியை ஒழித்து வையுங்கள். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு என் நிரந்தரமான தொந்தரவு.

இப்படிக்கு,
சேதமடையாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் காலையில் கதவைத் திறந்தேன். வாசலில் ரொட்டிக்கடை அம்மா. “தராசு மாமா!” என்றார். யாரைச் சொல்கிறார் என்று திரும்பினேன். திரும்பினால் போதாதா?

“நேத்து எங்க ஒளிஞ்சுக்கிட்டீங்க? தெருவெல்லாம் தேடினோம். கோட்டும் கண்ணாடியுமா யாரோ வெளியூர்க்காரர்தான் பேய் மாதிரி சுத்திக்கிட்டிருந்தார்!”

அவருக்குப் பின்னால் முடிதிருத்துபவர் பழத்தை நசுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசை, தெருமுனை வரை. மாடியை நல்ல குடும்பமாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். கடிதம் நனைந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வலது காதோரம் பட்டதன் சாறு அது. இடது பக்கமும் சமமாக அடிக்கச் சொல்லிவிட்டு நிற்கிறேன்.