ஹெரால்டுக்குப் போட்ட சாம்பிராணி

அருண்குமார் மறுபடியும் சாவியைத் திருப்பினான். வண்டி வாயே திறக்கவில்லை. உறுமல்கூட வேண்டாம், ஒரு இருமல் வந்திருந்தால் போதும், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டிருப்பான்.

தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, என்னாச்சு?" என்று குவார்ட்டர்ஸ் வாசலிலிருந்து அவன் மனைவி இளவரசி கேட்டாள்.

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஐயா வண்டியக் கொன்னுபோட்டேன் புள்ள."

இளவரசி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாகலூர் போகிற வழியில் இருக்கும் பாக்கியநாதன் எஸ்டேட் பங்களாவுக்கு அருண்குமார் பொங்கல் முடிந்துதான் வேலைக்கு வந்திருந்தான். சேலத்துக்காரன். காவல், தோட்டம், தண்ணீர் மோட்டார், விருந்தாளி வந்தால் சிரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. மகள் கவியாவுக்கு ஏற்காட்டில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது பாக்கியநாதன் பேசிய ஒரே ஒரு போனில். வேலை போனால் வீடு போகும், வீடு போனால் பள்ளிக்கூடம் போகும். எல்லாம் ஒரே கயிற்றில் காய்கிற துணிகள்.

அந்தக் கயிற்றைத்தான் அவன் இன்றைக்குத் தண்ணீர் பீய்ச்சி அறுத்திருந்தான்.

பாக்கியநாதன் இருப்பது சென்னையில். அவர் அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருப்பது பங்களா ஷெட்டில். வருடத்துக்கு ஒரு முறை மே மாதம் ஏற்காட்டிலிருந்து சேலம் வரை பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். அதற்கு அவர்தான் தலைவர். அவருக்குத்தான் கோப்பை. ஹாலில் கோப்பை வைக்க இடமில்லாமல் இரண்டு கோப்பைகளில் இப்போது குடை வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டியைவிட அந்த வண்டிமேல்தான் அவருக்குப் பிரியம் என்று ஊரில் சொல்வார்கள். ஆன்மேரி அம்மா இதுவரை அதை மறுத்ததில்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு பரிசை அறிவித்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே எந்த வண்டி அழகோ, அந்த வண்டிக்கு. உடனே போன் வந்தது.

"அருண், எஞ்சின் இருக்கிற இடம் பளபளன்னு இருக்கணும். தொடைச்சா போதும். வேற எதிலும் கை வைக்காதே. உனக்கு முன்னாடி இருந்தவன் கை வச்சான், மறுநாளே மூட்டை கட்டிட்டான்."

துடைக்கத்தான் போனான். ஹெரால்டின் பானெட் மற்ற வண்டிகளைப் போல மேலே மட்டும் திறப்பதில்லை. முன்பக்கம் முழுவதும், விளக்கு, மட்கார்டு எல்லாவற்றோடும் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். மூடி மறைக்க எதுவுமில்லை. உள்ளே நாலு தலைமுறைச் சிலந்திகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. துணியால் துடைத்தால் தீபாவளி வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, தோட்டத்துக் குழாயை இழுத்து வந்தான். சிலந்திகள் போயின. கூடவே வண்டியின் உயிரும் போய்விட்டது என்று சாவியைத் திருப்பியபோதுதான் தெரிந்தது.

"பஜார்ல மெக்கானிக் பொன்னுவேல் அண்ணன் இருக்காருல்லங்க?" என்றாள் இளவரசி.

"அவருகிட்டச் சொல்றதும், ஐயாவுக்கே போன் போட்டுச் சொல்றதும் ஒன்னுதான்."

"அப்ப என்ன? தண்ணி போயிருக்கு. காய வெக்கோணும். அவ்வளவுதானுங்களே?"

"எங்க காய வெக்கறது? வெயிலு எங்க இருக்குது?" ஏற்காட்டுப் பனி ஷெட் வாசல்வரை வந்து நின்றது.

"எனக்குந்தான் தலை ஈரமா இருக்குது. நான் வெயிலையா நம்பிட்டு இருக்கேன்?" என்று சொல்லி இளவரசி சாம்பிராணிச் சட்டியை எடுத்தாள்.

சொன்ன வாயை அவள் பிற்பாடு பல நாள் திட்டிக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் அருண்குமாருக்கு அது தெய்வ வாக்காகப் பட்டது. சட்டி நிறையக் கரி, கரிமேல் கைநிறையச் சாம்பிராணி. எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து, தலைமுடிக்குக் கூடையைக் கவிழ்ப்பதுபோலப் பானெட்டைக் கவிழ்த்து மூடினான்.

விளக்கு ஓட்டை, மூக்கு ஓட்டை எல்லாவற்றிலும் புகை வந்தது. சாலையில் போன சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒருவர் "இது என்ன சாமிங்க?" என்று கேட்டார். அருண்குமார் பதில் சொல்லாமல் இருந்ததை மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

பானெட்டைத் திறந்தபோது உள்ளே எல்லாம் விறகடுப்புச் சமையலறை மாதிரி கறுத்திருந்தது. ஒயர்கள் சேமியாவாக இளகித் தொங்கின. வாசனை மட்டும் அருமை.

தோட்டத்து ஜீப்பின் பேட்டரியைக் கழற்றி வந்து மாட்டிப் பார்த்தான். "டக்" என்றது. அதோடு சரி.

"டக்குன்னுச்சே! உசுரு இருக்குதுங்க!" என்றாள் இளவரசி.

"செத்தவனக் கட்டைல வெக்கறப்பக்கூட டக்குன்னு சத்தம் வரும் புள்ள."

அடுத்து இளவரசியின் தம்பி லோகேஷை போனில் பிடித்தார்கள். லோகேஷுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தனக்குத் தெரியாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

"கரிதானுங்க மாமா? கொலுசுல ஏறாத கரியா? பூந்திக்கொட்டையக் கொதிக்க வெச்சு பிரஷ் போட்டம்னா, மூஞ்சி பாக்கலாம். நான் வாரேன்."

மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு மூட்டைப் பூந்திக்கொட்டையும், மூடியைத் திறந்தால் கண்ணைக் கரிக்கும் ஒரு கேனுமாக வந்து இறங்கினான். மாமனும் மைத்துனனும் தேய்த்தார்கள். கரி வந்தது. கரியோடு, தாத்தா காலத்துப் பெயின்ட்டும் வந்தது.

"மாப்ள, பெயின்ட்டு வருதுடா!"

"கரியும் வருதுல்லங்க மாமா?"

லோகேஷ் எதிலும் நல்லதை மட்டும் பார்க்கிறவன். அவனை வைத்துக்கொண்டு அழக்கூட முடியாது.

பெயின்ட் போன இடத்துக்குப் பெயின்ட் அடித்துத்தானே ஆகவேண்டும்? ஏதோ ஒரு லாட்ஜுக்கு அடித்து மிஞ்சிய மயில்கழுத்து நீலம்தான் பஜாரில் கிடைத்தது. அடித்தார்கள். அந்த நீலத்துக்கு நடுவில் எஞ்சின் இன்னும் பரிதாபமாகத் தெரிந்தது, புதுப் பட்டு வேட்டிக்குக் கிழிந்த பனியன் போட்ட மாதிரி. லோகேஷ் கழன்று வருகிற எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் போட்டான்.

"எங்கடா கொண்டு போறே?"

"பட்டறைக்கு. வெள்ளி முலாம் போட்டுக் கொண்டாறேன்."

"மறுபடி மாட்டறதுக்குத் தெரியுமா உனக்கு?"

"நீங்க போட்டோ எடுத்து வெச்சிருக்கறீங்கல்ல மாமா?"

எடுத்துத்தான் வைத்திருந்தான். சாம்பிராணி போட்ட பிறகு எடுத்தது. எல்லாப் படத்திலும் இருட்டாக இருந்தது.

அருண்குமாருக்குத் தூக்கம் போயிற்று. மனம் கேட்காமல் ஒருநாள் பொன்னுவேலின் பட்டறைப் பக்கம் போய், சும்மா நிற்பதுபோல நின்றான்.

"ஏனுங்கண்ணா, எங்க சித்தப்பா வண்டி ஒன்னு. பழசு. தண்ணி பட்டு நின்னுபோச்சு. என்ன பண்ணலாமுங்க?"

பொன்னுவேல் ஸ்பேனரைக் கீழே வைத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நின்ன வண்டி நிக்கட்டும், உடு சாமி."

"அது ஓடோணுமுங்களே?"

"எல்லா வண்டியும் ஓடோணும்னு யாரு சொன்னது?"

பெரியவர் ஏதோ வேதாந்தம் பேசுகிறார் என்று நினைத்து, அருண்குமார் இன்னும் கலங்கிப்போய் வீடு திரும்பினான்.

சாக்கு வந்து சேர்ந்தது. முலாம் போடத்தான் லோகேஷ் சொல்லியிருந்தான். ஆனால் பட்டறை ஆட்கள் காலமெல்லாம் கொலுசு செய்த கைக்காரர்கள். வெள்ளியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ஏர் ஃபில்டர் மூடியில் மாங்காய்க் கொத்து செதுக்கியிருந்தார்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு மயில் தோகை விரித்து நின்றது. குழாய்களின் ஓரம் முழுவதும் முத்து வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். யாரோ ஒரு ரசிகர், ஃபேனுக்குச் சலங்கையும் கட்டியிருந்தார்.

"என்னடா இது?"

"நொம்ப அழகா இருக்குதுல்லங்க மாமா?"

எது எங்கே பொருந்தியதோ அங்கே மாட்டினார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் புது ஒயர் இழுத்தார்கள். மிஞ்சிய சாமான்களை இளவரசி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கடைசியாகச் சாவியைத் திருப்பினார்கள். இப்போது "டக்"கும் இல்லை.

லோகேஷ் அவசர வேலை என்று பஸ் ஏறிவிட்டான்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பாக்கியநாதனும் ஆன்மேரி அம்மாவும் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். அதற்குள் இளவரசி பாத்திரங்களை மூட்டை கட்டியிருந்தாள். அவர் சொல்வதற்கு முன்னால் நாமே கட்டிவிட்டால் மானமாவது மிஞ்சும் என்பது அவள் கட்சி. கவியாவின் பள்ளிக்கூட ஷூவை மூட்டைக்குள் வைக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. வாசலிலேயே இருந்த அந்தச் சின்ன ஷூக்களைப் பார்த்ததும் அருண்குமார் அவற்றை நேராகச் சேர்த்து வைத்தான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான்.

பாக்கியநாதன் பானெட்டைத் தூக்கினார். மயிலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அருண்!"

"ஐயா..."

"இது என்னது?"

"நான் தொடைக்கத்தானுங்க போனேன்..."

"எஞ்சினா, இல்ல அம்மன் நகைப் பெட்டியா? மயிலு! மாங்கா! யாருக்குய்யா இப்படித் தோணும்?" குனிந்து முகர்ந்தார். "வாசனை வேற!"

"ஐயா, ஒரு விஷயம் சொல்லோணுமுங்க. எஞ்சினு..."

"எஞ்சினா? பிரமாதம்! மிச்சத்தை நாளைக்குப் பேசிக்கலாம். போய்ப் படு."

மறுநாள் காலையில் அருண்குமார் மறுபடியும் வாயைத் திறந்தான். ஐயா மூடவைத்தார். "ஸ்டார்ட் எல்லாம் பண்ணாதே. புகை பட்டா வெள்ளி கறுத்துடும். ஆளுங்களைக் கூப்பிடு, தள்ளியே கொண்டு போகலாம்." பெருமாள் கோயில் தேரைப்போல நாலு ஆட்கள் ஹெரால்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு கண்டம் தப்பியது என்று அருண்குமாரும் தோள் கொடுத்தான். ஆனால் தள்ளத் தள்ள அடுத்த கண்டம்தான் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

மலைப்பாதை இறங்கத் தொடங்கும் இடத்தில் பந்தல். பழைய வண்டிகள் வரிசையாகப் பானெட்டைத் திறந்து நின்றன. பெங்களூரிலிருந்து ஜாபெஸ் என்று ஒரு நடுவர் வந்திருந்தார். தொப்பி, பூதக்கண்ணாடி, கையுறை. மற்ற வண்டிகளில் எண்ணெய்க் கறையைக் கண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தவர், ஹெரால்டைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றினார்.

"இந்தச் சாம்பிராணி மணம்... வேணும்னே செஞ்சதுதானே?"

"எங்க குடும்ப வழக்கம்" என்றார் பாக்கியநாதன், கண் சிமிட்டாமல்.

ஜாபெஸ் மைக்கைப் பிடித்தார். மண்ணின் மரபு என்றார். இயந்திரத்துக்கும் ஆன்மா உண்டு என்றார். இதுபோன்ற எஞ்சினை வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அது மட்டும் முழு உண்மை. கோப்பை கொடுத்தார்கள், கை தட்டினார்கள். பொன்னுவேல் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பிறகு, புறப்படும்படி அறிவித்தார்கள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. பாக்கியநாதன் ஸ்டியரிங்கின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின் சீட்டில் ஆன்மேரி அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஜாபெஸ் கொடியைத் தூக்கினார். இவ்வளவு சனத்துக்கு முன்னால் ஐயா சாவியைத் திருப்பி, வண்டி ஊமையாக நிற்கப் போகிறது. தன் வேலை போவதுகூடப் பரவாயில்லை, தன்னைப் பாராட்டிய மனுசன் தலைகுனிவதை அருண்குமாரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, சாவியத் திருப்பிப்போடாதீங்க! வண்டி ஓடாதுங்க! நாந்தானுங்க தண்ணி அடிச்சு எஞ்சினக் கொன்னுபோட்டேன்!"

பாக்கியநாதன் முகத்தில் ரத்தமே இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசுடா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஊட்டக் காலி பண்ணீர்றனுங்க. மூட்டைகூடக் கட்டியாச்சுங்க. புள்ளையோட ஸ்கூல மட்டும்..." கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின் சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. ஆன்மேரி அம்மா ஒரு ஆரஞ்சுச் சுளையை அவன் கையில் வைத்தார்.

"அழாதேப்பா. இந்த எஞ்சின் எங்க மாமனார் காலத்துலயே செத்துப்போச்சு. நீ பின்னாடி போய் ஒரு தள்ளு தள்ளு, சேலம் வரைக்கும் இறக்கம்தானே!"